பொட்டு வைத்த நிக்கல்

ஐந்தாவது துடுப்பும் உடைந்தது. உலைக்குள் போய், வெந்து, மாதக்கணக்கில் உழைத்துக் களைத்து உடைந்திருந்தாலாவது மனசு ஆறும். இது சோதனை மேசையிலேயே போயிற்று. பூங்கோதை வளைக்கும் திருகாணியை அரைச் சுற்று முடுக்கினாள், அவ்வளவுதான். வளைந்து கொடுக்கவில்லை, ஒரு முனகல் இல்லை, கடலை மிட்டாய் மாதிரி 'டக்'கென்று இரண்டாகிப் போனது. நிலவில் எடை குறைவு என்பதால் விழுவதிலும் ஒரு சாவகாசம். ஆடி அசைந்து தரைக்கு வந்த அந்தத் துண்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சனியன்! என்னதான் வேணும் உனக்கு?" என்று உலோகத்தைப் பார்த்தே கத்தினாள்.

"என்னையக் கேட்டீங்களா மேடம்?" என்றான் ஜெரால்டு. அவள் பொறுப்பில் இருந்த உருக்குக்கூடத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவன்தான். கோயம்புத்தூரில் பம்பு வார்த்துக்கொண்டிருந்தவனை நிறுவனம் நிலவுக்கு அழைத்து வந்திருந்தது.

"உன்னை இல்லப்பா. இந்தத் தரித்திரத்தை."

"அப்பச் சரிங்க. அதுக்குக் காது இருந்திருந்தா நீங்க திட்டுற திட்டுக்கு எப்பவோ வளைஞ்சிருக்குமுங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கிற நிலைமையிலா இருக்கிறது குடியிருப்பு? நிலவின் தென்முனையில் அறுபது பேர் வாழ்கிறார்கள். வெளியே மூச்சுவிடக் காற்று கிடையாது. மண்ணுக்குள் ஆக்ஸிஜன் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் கல்லோடு கல்லாகப் பூட்டிக் கிடக்கிறது. மண்ணை உலையில் கொட்டி, செக்கச் செவேலென்று காய்ச்சி, விடாமல் கிளறினால்தான் அது மூச்சை விடும். கிளறுவதற்கு ஆள் உயரத் துடுப்பு ஒன்று வேண்டும். மூன்று உலைகளில் இரண்டு துடுப்பில்லாமல் நின்றுவிட்டன. மூன்றாவதில் ஓடுவது தேய்ந்துபோன பழைய துடுப்பு. அதுவும் போனால் தொட்டிகளில் இருக்கிற சேமிப்புதான். பூமியிலிருந்து அடுத்த கப்பல் வருவதற்கு முன்னாலேயே அது தீர்ந்துவிடும்.

அந்தச் சூட்டில் சாதாரண எஃகு வாழைத்தண்டாகத் துவண்டுவிடும். நிக்கலும் அலுமினியமும் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்ந்த கலவைக்கு மட்டும் ஒரு பிடிவாதம் உண்டு, சூடு ஏற ஏறத்தான் அதற்கு முறுக்கு ஏறும். நிக்கல் இங்கேயே விழுந்து கிடக்கிற விண்கற்களில் கிடைத்தது, அலுமினியம் காலடி மண்ணில் கிடைத்தது. கூடப் போடவேண்டிய குரோமியமும் ஜிர்கோனியமும் பூமியிலிருந்து டப்பாவில் வந்தன. எதை எவ்வளவு போடுவது என்பதைத் தலைமையகத்தில் 'சூத்திரம்' என்ற கணினி மூளை வகுத்துக் கொடுத்திருந்தது. அந்தக் கணக்கில் வார்த்த முதல் பன்னிரண்டு துடுப்புகளும் தங்கமாக உழைத்தன. பன்னிரண்டும் நன்றாக வந்ததால் பதின்மூன்றாவதை யாரும் சோதிக்கவில்லை.

பதின்மூன்றாவதை வார்த்தவர் வெள்ளியங்கிரி. உருக்குக்கூடத்தின் மேஸ்திரி. தான் வார்த்த துடுப்பைத் தானே மாட்டிவிட்டு, தானே ஓடவிட்டுப் பார்த்து, அது முதல் சுற்றிலேயே நொறுங்கி, தெறித்த துண்டு உலைக்கதவைப் பிளந்ததில் அங்கேயே போய்ச் சேர்ந்தார். விசாரணை என்று ஒன்று நடந்தது. 'வார்ப்பவரின் கவனக்குறைவு' என்று தலைமையகம் தீர்ப்பு எழுதி மூடிவிட்டது. பூங்கோதையும் அப்போது எதிர்த்து எதுவும் சொல்லவில்லை. அதன் பிறகு அவளே நின்று, வெப்பத்தை அளந்து அளந்து, வார்த்த ஐந்தும் இதோ இப்படி.

"உன் கவனக்குறைவா, என் கவனக்குறைவா ஜெரால்டு?" என்றாள். அவன் துண்டுகளைப் பொறுக்கினான்.

*

தலைமையகத்தோடு பேசுவதைப் போல எரிச்சலான வேலை உலகத்திலேயே கிடையாது, உலகத்துக்கு வெளியேயும் கிடையாது. இங்கிருந்து சொன்னது அங்கே போய்ப் பதில் வந்து சேர இரண்டரை வினாடி ஆகும். ஒழுங்காகச் சண்டைகூடப் போட முடியாது. கோபத்தில் ஒரு வார்த்தையை வீசிவிட்டு, அது போய்ச் சேரும்வரை எதிராளியின் சிரித்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

திரையில் தேவநாதன் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். கலவை உலோகப் பிரிவின் தலைவர். நல்ல மனிதர்தான், அதுதான் இன்னும் எரிச்சல்.

"சார், உடைஞ்ச இடத்தோட படத்தைப் பாருங்க. கற்கண்டை உடைச்ச மாதிரி இருக்கு. உலோகம் உள்ளுக்குள்ள மணி மணியாத்தானே இருக்கும்? மணி ஒவ்வொண்ணும் முழுசா இருக்கு. மணிக்கும் மணிக்கும் நடுவுல பிடிப்பு இல்ல. செங்கல் நல்லா இருக்கு, சாந்து இல்ல."

இரண்டரை வினாடி.

"அதுக்குத்தானேம்மா குரோமியமும் ஜிர்கோனியமும் போட்டிருக்கோம்?"

"குரோமியம் சூட்டுல ஆக்ஸிஜன் அரிக்காம பாத்துக்கும். ஜிர்கோனியம் மணியை முறுக்கேத்தும். ரெண்டும் சாந்து வேலை செய்யாது. அதுக்குப் போரான் வேணும் சார். துளியூண்டு. ஒரு அண்டா சாம்பாருக்கு ஒரு சிட்டிகை பெருங்காயம் மாதிரி. அது மணிகளோட இடுக்குல போய் உக்காந்துக்கிட்டு விரிசல் ஓடாம பிடிச்சுக்கும். பழைய புத்தகத்துலயெல்லாம் இருக்கு. கொஞ்சம் போரான் அனுப்புங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

இரண்டரை வினாடி. தேவநாதனின் முகம் சுருங்கியது.

"போரானா? விளையாடறீங்களா? உங்களுக்குக் கரண்ட் குடுக்கறதே அணு உலை. நியூட்ரானை விழுங்கி உலையை அணைக்கறதே போரான்தான். அது நிலவுப் பக்கமே வரக்கூடாதுன்னு விதி இருக்கு. அதனாலதான் சூத்திரத்தைப் போரான் இல்லாம வகுக்கச் சொன்னோம்."

"அணு உலை மலைக்கு அந்தப் பக்கம் சார்! துடுப்பு இந்தப் பக்கம் மண்ணைக் கிளறுது!"

"விதின்னா விதிதான். சரி, அதை விடுங்க. முதல் பன்னெண்டு துடுப்பும் உடையலயே. அதுல போரான் இருந்துதா?"

பூங்கோதை உடைந்த துண்டைக் கையில் புரட்டினாள். இதுதான் அவளை ஒரு மாதமாகத் தூங்கவிடாத கேள்வி. பழைய துடுப்பையும் புதிய துடுப்பையும் எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்துவிட்டாள். நிக்கல், அலுமினியம், குரோமியம், ஜிர்கோனியம், எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒன்றே. போரான் மாதிரி லேசான அணு அந்தக் கருவியின் கண்ணுக்குப் படவே படாது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அனுப்பாத பொருள் எப்படி வந்திருக்கும்?

"இருக்க வாய்ப்பில்ல சார்," என்றாள்.

"பாத்தீங்களா. சூத்திரம் சரி, சரக்கு சரி. அப்ப கைதான் தப்பு. சுத்தம் போதல. உருக்குக்கூடத்துல சுத்தத்தை இன்னும் இறுக்குங்க."

திரை அணைந்தது. சுத்தமாம்! அவள் கையிலிருந்த உடைந்த துண்டைச் சுவரில் விட்டெறிந்தாள். அது போய் முட்டிவிட்டு, மெல்லக் கீழே இறங்கியது. இந்த ஊரில் ஒரு பொருளைத் திருப்தியாக எறியக்கூட வழியில்லை.

*

"கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றனுங்க," என்றான் ஜெரால்டு, மறுநாள் உருக்குக்கூடத்தில்.

"கோவம்தான் வரும். சொல்லு."

"பொட்டு வைக்கிறத நிறுத்துனதுல இருந்துதானுங்க இந்தக் கூத்து."

பூங்கோதைக்கு ஜிவ்வென்று ஏறியது. "ஏம்ப்பா, நீ ஞாயித்துக்கிழமை தவறாம ஜெபம் பண்றவன். நீயுமா?"

"எனக்கு அதுல நம்பிக்கை இல்லீங்க. ஆனா நடந்தத நடந்தபடி சொல்றனுங்க. பொட்டு வெச்ச வரைக்கும் உடையல. பொட்டு போச்சு, துடுப்பும் போச்சு."

பொட்டு விஷயம் இதுதான். வெள்ளியங்கிரி வேலை பழகிய உலைக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உலைக்குள் போகிற ஒவ்வொரு கட்டிக்கும் பொட்டு வைத்துத்தான் உள்ளே விடுவார்களாம். அதை அவர் நிலவுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒரு டம்ளரில் குங்குமத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிக்கல் கட்டிக்கும் பட்டையாக ஓர் இழுப்பு. பொட்டு என்று பெயர்தான், பாதிக் கட்டி சிவந்துவிடும். "எடுத்துட்டுப் போறோம் தாயி, நல்லபடியா வந்துரு" என்று அதனிடம் பேசவும் செய்வார்.

அப்போதுதான் தலைமையகம் சுத்தத் தணிக்கை என்று ஒன்றை ஆரம்பித்தது. உருக்குக்கூடத்தில் அன்னியப் பொருள் ஒன்றும் இருக்கக் கூடாது. பூங்கோதை அன்றைக்கே அதை எழுதி வாசலில் பலகை மாட்டினாள். குங்கும டம்ளரைத் தன் கையாலேயே எடுத்துக் குப்பையில் கொட்டினாள்.

"பொட்டு அன்னியமுங்களா மேடம்?" என்று வெள்ளியங்கிரி கேட்டார். சண்டையாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "உங்க மெஷின்ல வெச்சுப் பாத்தீங்களே, அதுல குங்குமம் எங்கயாச்சும் தெரிஞ்சுதுங்களா?"

"தெரியல. தெரியலங்கறதுக்காகப் பொட்டு இருந்துட்டுப் போகட்டும்னு விட முடியாதே மேஸ்திரி."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வார்ப்பு சுத்தமாக நடந்தது. அதுதான் பதின்மூன்றாவது.

"இங்க வா," என்று ஜெரால்டைக் கணினிக்கு முன்னால் இழுத்தாள். "குங்குமத்துல என்ன இருக்குன்னு உனக்கே காட்டறேன். மஞ்சத்தூள். உலைச் சூட்டுல ஒரு நொடியில புகையாப் போயிடும். இதுக்கும் துடுப்பு உடையறதுக்கும் என்ன சம்பந்தம்னு நீயே சொல்லு. படிச்சவங்க மாதிரி பேசுங்கப்பா கொஞ்சம்!"

திரையில் குங்குமம் செய்கிற முறை வந்தது. மஞ்சள் கிழங்கு. எலுமிச்சைச் சாறு. படிகாரம். வெங்காரம்.

அவள் மறுபடியும் படித்தாள். பிறகு நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"என்னாச்சுங்க?"

"வெங்காரம்."

"ஆசாரிங்க நகைய ஒட்டவைக்கிறப்ப போடுவாங்களே, அதுங்களா?"

"அதுதான். அதுக்குள்ள இருக்கறதே போரான்தான் ஜெரால்டு." அவள் திரையில் அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டினாள். "உருகின அலுமினியத்துக்கு ஆக்ஸிஜன்னா அவ்வளவு ஆசை. வெங்காரத்துல இருக்கற ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கும். மிச்சம் நிக்கற போரான் நேரா உலோகத்துல கரைஞ்சுடும். நாலு கட்டிக்கு நாலு பொட்டு, நாப்பது கட்டிக்கு நாப்பது பொட்டு. அளவுகூடத் தானா சரியா வந்திருக்கு. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அந்தப் பாழாப்போன சூத்திரத்துக்கும் தெரியாது."

"அப்பச் சாமி காப்பாத்துச்சுன்னுதான சொல்றீங்க?"

"சாமியும் இல்ல பூதமும் இல்ல. வெங்காரம்."

ஜெரால்டு தலையைச் சொறிந்தான். பிறகு அவன் முகம் மெல்ல மாறியது. "அப்படீன்னா பொட்டு வைக்கக் கூடாதுன்னு நீங்க பலகை மாட்டுனதுனாலதானுங்களா நம்ம மேஸ்திரி..."

முடிக்காமல் நிறுத்திக்கொண்டான். முடிக்க என்ன இருக்கிறது? கொன்றவள் நான்தான் என்று பூங்கோதைக்குப் புரிந்துபோயிற்று. அந்த அறையில் அதற்குமேல் ஒரு நிமிஷம் அவளால் உட்கார முடியவில்லை.

*

குடியிருப்பில் இருந்த பெண்கள் எல்லாரும் ஸ்டிக்கர் பொட்டு. பூங்கோதை அதுவும் கிடையாது. நிஜக் குங்குமம் வைக்கிறவள் ஒருத்திதான். கஸ்தூரி. வெள்ளியங்கிரியின் மனைவி. கப்பலில் ஆளுக்காள் வருகிற சாமான் பங்கில் அவளுக்கு வந்த குங்குமத்தைத்தான் அவர் நிக்கலுக்குப் பூசிக்கொண்டிருந்தார்.

கஸ்தூரி பயிர்க்கூடத்தில் கீரை பறித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. கணவன் போன பிறகும் அவள் அதை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லிப் பூமியிலிருந்து நாத்தனார் அழுதபோது, "அவரு இந்த ஊருக்குப் போலாம்னு கூப்பிட்டப்பவும் வெச்சுருந்தேன், இப்பவும் வெச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டாளாம்.

"வாங்க மேடம்," என்றாள். முன்பெல்லாம் "வா கண்ணு" என்பாள். விசாரணைத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து மேடம்தான்.

"அக்கா, எனக்கு ஒரு உதவி வேணும். உங்ககிட்ட இருக்கற குங்குமம் அத்தனையும் வேணும்."

கஸ்தூரி கீரையைக் கீழே வைத்தாள். "எதுக்குங்க?"

எதுக்கு என்பதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொன்னதாகிவிடும். ஏதாவது பொய் சொல்லலாமா என்று பூங்கோதை ஒரு கணம் யோசித்தாள். வெட்கமாக இருந்தது, யோசித்ததற்கே. சொன்னாள். மணிகள், இடுக்கு, சாந்து, வெங்காரம், எல்லாவற்றையும் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். கஸ்தூரி குறுக்கே பேசாமல் கேட்டாள். நடுவில் ஒருமுறை மட்டும், "அப்ப அந்தக் கட்டிக்கு எம்பட குங்குமம் போயிருந்தா அது உடைஞ்சிருக்காது?" என்று கேட்டாள்.

"உடைஞ்சிருக்காதுக்கா."

"நீங்கதான டம்ளரைக் கொட்டுனீங்க?"

"நான்தான்."

கஸ்தூரி எழுந்து பயிர்க்கூடத்தின் கோடிவரை நடந்து போனாள். அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூங்கோதை நின்ற இடத்திலேயே நின்றாள். போய்த் தொடவும் தைரியமில்லை, திரும்பிப் போகவும் மனமில்லை. திட்டினால் தேவலை, இரண்டு அறை விட்டால் இன்னும் தேவலை என்றிருந்தது. திரும்பி வந்தபோது கஸ்தூரியின் முகம் ஈரமாக இருந்தது.

"எம்பட மக நேத்தும் போன்ல கேக்கறா மேடம். 'அப்பா கவனமில்லாம வேலை செஞ்சுதான் செத்தாராம்மா? ஆபீஸ்ல அப்படி எழுதியிருக்குதே'ன்னு. அவரு சோறு திங்கறப்பகூட ஒரு பருக்கை சிந்த மாட்டாருங்க. அவரப் போயி கவனமில்லாதவருன்னு எழுதிப்போட்டாங்க. நீங்களும் பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தீங்க."

"தப்புதான்க்கா."

"குங்குமம் தர்றனுங்க. அறுவது பேரு மூச்சுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா அந்த எழுத்த அழிக்கோணும். யாரு தப்புன்னு நீங்க உங்க வாயால சொல்லோணும். சொல்லுவீங்களா?"

"சொல்றேன். சத்தியமா சொல்றேன். ஆனா இப்பச் சொன்னா, போரான் இருக்கற துடுப்பு அத்தனையும் கழட்டி வைன்னு உத்தரவு வந்துடும். ஓடறதே அது ஒண்ணுதான்க்கா. கப்பல் வரட்டும். சேமிப்பு நிறைஞ்சதும் சொல்லிடறேன்."

கஸ்தூரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. கப்பல் வர்ற வரைக்கும்."

அறைக்குள் போய் ஒரு மரச் சிமிழையும் பிளாஸ்டிக் டப்பாவையும் கொண்டுவந்தாள். "இவ்வளவுதானுங்க. இனி வராது. அவரு செத்த மறுநாளே அந்தப் பங்கு பிரிக்கிற கணக்கு மெஷினு எம்பட பங்குல இருந்து குங்குமத்த எடுத்துருச்சு. கேட்டா, புருஷன் இல்லாதவங்களுக்கு அது தேவைப் பட்டியல்ல இல்லையாம்."

பூங்கோதைக்கு அந்த இயந்திரத்தை உடைக்க வேண்டும் போலிருந்தது.

*

டப்பாவைக் கையில் கொடுக்கக் கஸ்தூரி சம்மதிக்கவில்லை. தானே வந்தாள். உருக்குக்கூடத்து வாசலில் தொங்கிய பலகையை ஒரு பார்வை பார்த்தாள். ஜெரால்டு ஓடிப்போய்க் கழற்றினான். அவள் டம்ளரில் குங்குமத்தைக் குழைத்து, கணவன் பூசிய மாதிரியே, ஒவ்வொரு நிக்கல் கட்டிக்கும் பட்டையாக இழுத்தாள். ஒரு கட்டியைக்கூட விடவில்லை. பூங்கோதை பக்கத்தில் நின்றாள். கை தானாகக் கட்டிக்கொண்டது, கும்பிடவில்லை, ஆனால் சும்மாவும் தொங்கவில்லை.

ஆறிய துடுப்பை மேசையில் ஏற்றித் திருகாணியை முடுக்கினாள். அரைச் சுற்று. ஒரு சுற்று. ஜெரால்டு கண்ணை மூடிக்கொண்டான். இரண்டாவது சுற்றில் துடுப்பு மெல்ல முதுகு வளைத்தது. உடையவில்லை. இன்னும் முடுக்கினாள், இன்னும் வளைந்தது.

"வளையுதுங்க! அய்யோ, வளையுதுங்க!" என்று ஜெரால்டு குதித்தான். குதித்த வேகத்தில் கூரையில் தலை இடித்துக்கொண்டான்.

பூங்கோதை அழுதாள். சந்தோஷத்தில் என்று சொன்னால் அது பொய். இவ்வளவு சின்ன விஷயம், ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகைக்காக ஒரு மனுஷன் போய்விட்டாரே என்ற ஆத்திரம்தான். கஸ்தூரி வளைந்த உலோகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, டம்ளரைக் கழுவப் போனாள்.

வளைத்துப் பார்த்தது போக, இன்னும் இரண்டு துடுப்புக்கு டப்பா சரியாக இருந்தது. இரண்டு உலைகளும் மறுபடி ஓடின. தேவநாதன் திரையில் பூரித்துப் போனார். "நான்தான் சொன்னேனே! சுத்தம்! சுத்தத்தை இறுக்கினதும் எப்படி வந்துது பாருங்க!" இந்தச் சுத்த முறையை எல்லாக் குடியிருப்புகளுக்கும் முன்மாதிரியாக அனுப்பப் போகிறாராம். பூங்கோதை பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

தலையாட்டி ஆட்டியே ஒரு பழக்கம் வந்துவிட்டது அவளுக்கு. கப்பல் வரும்வரை என்பது, கப்பல் வந்தபின் நிதானமாக என்று ஆயிற்று. சொன்னால் வேலை போகும், அது போகட்டும். வழக்கு வரும், சிறைகூட வரலாம். யோசித்துப் பார்த்தால் அதற்கு அவசியமே இல்லையே? கப்பலுக்குக் கப்பல் கொஞ்சம் குங்குமம் வந்தால் போதும். துடுப்பு வளையும், எல்லாரும் மூச்சுவிடுவார்கள், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம். தன் சொந்தப் பங்கில் ஒரு பெட்டி குங்குமம் வேண்டும் என்று கேட்டு அனுப்பினாள்.

தேவநாதனே அழைத்துவிட்டார். "என்னம்மா, குங்குமம் கேட்டிருக்கீங்களாமே? கல்யாணமா? பொட்டே வைக்காத பொண்ணாச்சேன்னு இங்க எல்லாரும் பேசிக்கறாங்க."

"சும்மாதான் சார். ஆசையா இருந்துது."

"ரொம்ப சந்தோஷம். கண்ட குங்குமத்தை வெச்சுக்காதீங்க, நெத்தி வெந்துடும். நானே பாத்து நல்லதா அனுப்பச் சொல்றேன்."

*

கப்பல் வந்தது. பெட்டியைப் பிரிக்கும்போது கஸ்தூரியும் வந்து நின்றாள். சொல்லாமல் கொள்ளாமல் குங்குமம் வரவழைத்தது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"கப்பல் வந்துருச்சுங்க மேடம்," என்றாள்.

"தெரியும்க்கா. சொல்லணும். சொல்றேன். இதை முதல்ல..."

பொட்டலங்கள் அழகாக இருந்தன. ஜெரால்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மேலே அச்சிட்டிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தான். "நூறு சதவீதம் இயற்கைக் குங்குமம். மஞ்சள், எலுமிச்சை மட்டும். ரசாயனம் எதுவும்..." அவன் குரல் இறங்கியது. "வெங்காரம், படிகாரம் எதுவும் சேர்க்கப்படாதது."

பூங்கோதை பொட்டலத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். பெட்டி முழுக்க அதேதான். அடப்பாவி மனுஷா! நெற்றி வெந்துவிடும் என்று எவ்வளவு அக்கறை!

யாரோ சிரித்தார்கள். கஸ்தூரி. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வெள்ளியங்கிரி போன பிறகு அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு பொட்டலத்தைக் கிழித்து, விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இது நல்லாத்தான் இருக்குது. உலைக்குத்தான் ஆகாது," என்றாள். "அந்த ஆளக் கூப்புடு கண்ணு."

மேடம் இல்லை. கண்ணு. அந்த ஒரு சொல்லுக்கு அப்புறம் தப்பிக்க இடமில்லை. பூங்கோதை போய்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கஸ்தூரி நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

தேவநாதன் வந்தார். "குங்குமம் வந்துதா? எப்படி இருக்கு?"

"சார், நான் சொல்றதை நடுவுல நிறுத்தாம கேளுங்க," என்று ஆரம்பித்தாள் பூங்கோதை. நிறுத்தினாலும் இரண்டரை வினாடி கழித்துத்தான் நிறுத்த முடியும், நல்லதாகப் போயிற்று. ஓடுகிற துடுப்பு மூன்றிலும் போரான் இருக்கிறது என்று சொன்னாள். முதல் பன்னிரண்டிலும் இருந்தது, அது எப்படி வந்தது என்று சொன்னாள். டம்ளரைக் கொட்டியது தன் கை என்று சொன்னாள். "வெள்ளியங்கிரி கவனக்குறைவால சாகல. அவரோட கவனத்தை நான் குப்பையில கொட்டினேன். நீங்க அதைச் சுத்தம்னு சொன்னீங்க. சூத்திரம் ஒரு நாளும் சரியா இருந்ததில்ல சார், அவரோட பொட்டுதான் அதைக் காப்பாத்திக்கிட்டு இருந்துது. அந்தத் தீர்ப்பை அழிச்சு எழுதுங்க. அப்புறம் என்னை என்ன வேணா செய்யுங்க."

திரையில் தேவநாதனின் சிரிப்பு பாதியில் உறைந்துபோய் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசி வார்த்தை இன்னும் அவரிடம் போய்ச் சேரவில்லை. பின்னாலிருந்து கஸ்தூரியின் கை பூங்கோதையின் தோளில் வந்து உட்கார்ந்தது. பிறகு அந்த மிச்சச் சிரிப்பும் போயிற்று. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அறையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். திரைக்கு மிக அருகில் குனிந்து, தணிந்த குரலில் பேசினார்.

"பூங்கோதை, இது பதிவாகிட்டு இருக்கும்மா. உங்களுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல. அழிச்சுடட்டுமா?"

நல்ல மனிதர்தான்.

"வேண்டாம் சார்," என்றாள் பூங்கோதை. "இருக்கட்டும்."

அந்தச் சொல் பூமிக்குப் போய்க்கொண்டிருந்தது. கஸ்தூரி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மகளுக்குப் போன் பண்ணப் போனாள்.